நடுங்காத வெளிச்சம்

1905ஆம் ஆண்டு. திருச்சிராப்பள்ளியில், தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பிறந்தவர். அப்போது வயது 22, மாதச் சம்பளம் 25 ரூபாய். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சலனப்படக் கருவியோடு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிக்கொண்டிருந்தார். திருச்சிக்கு வந்த இடத்தில் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. நாடு திரும்ப முடிவுசெய்து, கருவியையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொள்ள ஆள் தேடினார். வின்சென்ட் வாங்கிக்கொண்டார். விலை 2,250 ரூபாய் என்று சினிமா வரலாற்றில் குறிக்கப்படுகிறது. அவருடைய சம்பளக் கணக்கில் அது ஏழரை ஆண்டு உழைப்பு.

ரயில்வே வேலையை விட்டுவிட்டு, ‘எடிசன் கிராண்ட் சினிமாமெகாபோன்’ என்ற பெயரில் கூடாரம் அடித்தார் வின்சென்ட். சென்னையில் எஸ்பிளனேடு பகுதியில் படம் காட்டினார். பிறகு வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும், கடல் கடந்து பர்மாவுக்கும் அந்தக் கருவி போயிற்று. அவரிடம் இருந்த சுருள்களில் ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் முக்கியமானது. 1914ஐ ஒட்டிக் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார்.

தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்களின் எழுத்தால் இந்த வரலாறு இன்று பலருக்கும் தெரியும். யார் எப்போது எங்கே படம் காட்டினார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. கூடாரத்துத் திரையில் விழுந்த படம் கண்ணுக்கு எப்படி இருந்தது என்பதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. அந்தப் படம் சிமிட்டியது. மேலும் கீழும் ஆடியது. வேகமாக நகர்ந்தவை தத்தித் தத்திப் போயின. அந்த நடுக்கத்தை அடக்குவதே நூறாண்டுக்கும் மேலாக ஒரு தொழிலாக இருந்து வந்திருக்கிறது. கொட்டகை ஆபரேட்டர்கள் செய்த அந்த வேலையை இன்று கணினித் திரையில் எழுத்தையும் உருவத்தையும் அசையவைக்கும் மோஷன் கிராபிக்ஸ் கலைஞர்கள் செய்கிறார்கள். கருவி மாறியிருக்கிறது, கணக்கு பெரிதாக மாறவில்லை.

கைப்பிடியும் கணக்கும்

படச்சுருள் ஓடிக்கொண்டே இருப்பதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் விளக்குக்கு முன்னால் அது நின்று நின்றுதான் போகிறது. ஒரு சட்டம், அதாவது ஒரு தனிப்படம், வந்து நிற்க வேண்டும், வெளிச்சம் விழ வேண்டும், மறைப்புத் தகடு குறுக்கே வந்து வெளிச்சத்தை மறைக்க வேண்டும், அந்த இருட்டில் அடுத்த சட்டம் இழுபட்டு வர வேண்டும். இப்படி நிறுத்தி இழுக்கும் வேலையைப் பெரும்பாலான கருவிகளில் செய்தது ‘மால்ட்டா சிலுவை’ எனப்படும் நான்கு பிளவுள்ள சிறிய சக்கரம். ஒரு முளை சுற்றிவந்து பிளவுக்குள் நுழைந்து சக்கரத்தைக் கால் சுற்று திருப்பிவிட்டு வெளியேறும். அடுத்த முறை முளை வரும்வரை சக்கரம் அசையாமல் நிற்கும்.

35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓரடிக்கு 16 சட்டங்கள். மௌனப்படக் காலத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 16 சட்டங்கள் என்ற கணக்கில் கையால் சுற்றினார்கள். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் 8 சட்டம் நகரும். ஆகவே வினாடிக்கு இரண்டு சுற்று. 1,000 அடிச் சுருளை இந்த வேகத்தில் காட்டி முடிக்க 16 நிமிடம் 40 வினாடி ஆகும். அத்தனை நேரமும் தோள்பட்டை ஒரே தாளகதியில் வேலை செய்தாக வேண்டும். கை தளர்ந்தால் நடை மந்தமாகும், அவசரப்பட்டால் ஆட்கள் ஓட ஆரம்பிப்பார்கள்.

வேகம் குறைந்தால் அதைவிடப் பெரிய ஆபத்தும் இருந்தது. அன்றைய படச்சுருள் நைட்ரேட் செல்லுலாய்டு, எளிதில் தீப்பிடிப்பது. சூடான வெளிச்சத்துக்கு முன் சட்டம் கொஞ்சம் கூடுதலாக நின்றாலே எரிந்துவிடலாம். விளக்கும் பாதுகாப்பானதல்ல. மின்சாரம் இல்லாத ஊர்களில் வாயுவை எரித்து வெளிச்சம் உண்டாக்கினார்கள். 1897 மே மாதம் பாரிஸ் நகரில் ஓர் அறக்கட்டளைச் சந்தையில் படக் கருவியின் ஈதர் விளக்கிலிருந்து பரவிய தீயில் 126 பேர் மாண்டார்கள். இந்தியாவில் 1918ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டம் தணிக்கையோடு கொட்டகையின் தீப் பாதுகாப்பையும் உரிமத்தோடு இணைத்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். கைப்பிடியைச் சீராகச் சுற்றுவது அழகுக்காக மட்டும் அல்ல, உயிருக்காகவும்தான்.

இருட்டைக் கூட்டிச் சிமிட்டலைக் குறைத்த கதை

சிமிட்டலும் உதறலும் வேறு வேறு கோளாறுகள். வெளிச்சம் அணைந்து அணைந்து எரிவது கண்ணுக்குத் தெரிந்தால் அது சிமிட்டல். நகரும் பொருள் வழுக்கிப் போகாமல் இடம் விட்டு இடம் குதிப்பது உதறல். முன்னதற்கு வெளிச்சத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும், பின்னதற்கு அசைவில்.

முதலில் தீர்வு கிடைத்தது சிமிட்டலுக்கு. ஒரே தகடு உள்ள மறைப்பு சுற்றினால் வினாடிக்கு 16 முறை இருட்டும். கண் அதைத் தாங்காது, தலை வலிக்கும். 1902, 1903 வாக்கில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்த கருவிக்காரர்கள் ஒரு வழியைக் கண்டார்கள். சட்டம் நகரும்போது மட்டும் வெளிச்சத்தை மறைக்காமல், அது அசையாமல் நிற்கும்போதும் இரண்டு முறை மறைப்பது. மூன்று தகடுள்ள மறைப்பு வந்தது. படம் அதே 16 சட்டம்தான், ஆனால் வெளிச்சம் வினாடிக்கு 48 துண்டாக வெட்டப்பட்டது. சிமிட்டல் பெருமளவு அடங்கியது. காவிரிக் கரையோரத் தென்னை வரிசையை ஒட்டி ரயில் போகும்போது இது புரியும். ரயில் மெதுவாகப் போனால் வெயில் ஒவ்வொரு மர இடைவெளியிலும் கண்ணில் அடிக்கும். வேகம் பிடித்ததும் எல்லாம் சேர்ந்து மங்கலான ஒரே வெளிச்சமாகிவிடும்.

கைவேகம் இங்கேயும் உள்ளே வருகிறது. மூன்று தகடு போட்டும் ஆபரேட்டரின் கை தளர்ந்து 12 சட்டத்துக்கு இறங்கினால் வெளிச்சத் துண்டு 36 ஆகிவிடும். சிமிட்டல் உடனே தலைகாட்டும். அந்த நாளில் திரையின் நிம்மதி ஓர் ஆளின் தோளில் இருந்தது என்றால் அது மிகையில்லை.

எத்தனை முறை வெட்டினால் கண் ஏமாறும் என்பதற்கும் கணக்கு உண்டு. 1892இல் ஃபெரியும் 1902இல் போர்ட்டரும் செய்த ஆய்வுகளிலிருந்து ஒரு விதி கிடைத்தது. வெளிச்சம் கூடக்கூட, சிமிட்டல் மறையத் தேவையான வேகமும் கூடுகிறது. பரப்பு பெரிதானாலும் அப்படியே. கண்ணின் ஓரப்பார்வை நேர்ப்பார்வையைவிடச் சிமிட்டலை எளிதில் பிடித்துவிடும். அப்படியானால் மங்கிய வாயு விளக்கில் காட்டப்பட்ட படம் அதன் மங்கலாலேயே ஓரளவு காப்பாற்றப்பட்டது. பிரகாசமான விளக்கு வந்தபோதுதான் பழைய மறைப்புத் தகட்டின் குறை பளிச்சென்று தெரிந்தது. டெண்டு கொட்டகையில் திரைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்த தரை டிக்கெட்காரர்களுக்குத் திரை கண்ணின் ஓரம்வரை நிறைந்திருக்கும். பின்னால் நாற்காலியில் இருந்தவரைவிட அவர்கள் கண்ணுக்குத்தான் சிமிட்டலின் தொல்லை அதிகம்.

பார்வை பற்றிய ஆராய்ச்சியில் திருச்சி மண்ணுக்கும் பங்கு உண்டு. திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே இருக்கும் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர் சி. வி. ராமன். நோபல் பரிசு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின், முதிய வயதில் அவர் திரும்பிப் பார்த்தது மனிதக் கண்ணை. வண்ணக் கண்ணாடி வழியே வெளிச்சமான திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்து, சட்டென்று கண்ணாடியை விலக்கினால் விழித்திரை என்ன காட்டுகிறது என்பதைத் தம் கண்களிலேயே சோதித்தார். பார்வையின் உடலியல் பற்றிய அவருடைய நூல் 1968இல் வெளிவந்தது.

படம் பேச ஆரம்பித்தபோது

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானது. தமிழ் பேசும் படத்தின் காலம் தொடங்கியது. மூன்றாண்டில் திருச்சியில் வளர்ந்த எம். கே. தியாகராஜ பாகவதர் ‘பவளக்கொடி’யில் நடித்தார். பாட்டு திரைக்கு வந்ததும் கைப்பிடியின் ஆட்சி முடிந்தது. கை சற்றுத் தளர்ந்தால் படம் மெதுவாகப் போவதைக் கண் மன்னித்துவிடும்; பாகவதரின் சுருதி இறங்குவதைத் திருச்சிக்காரரின் காது மன்னிக்காது. ஆகவே மோட்டார் வந்தது. வேகம் வினாடிக்கு 24 சட்டம் என்று உலகம் முழுவதும் நிலைபெற்றது. 24 சட்டத்துக்கு இரண்டு தகடு மறைப்பே போதும், மீண்டும் அதே 48. ஒரு தகடு குறைந்ததில் திரைக்குக் கூடுதல் வெளிச்சமும் கிடைத்தது.

ஒலியோடு புதிய சிக்கலும் வந்தது. படம் நின்று நின்று போக வேண்டும், ஒலியோ ஒரு கணம்கூட நிற்காமல் ஓட வேண்டும், இரண்டும் ஒரே சுருளில் இருக்கின்றன. அதனால் ஒரு சட்டத்துக்கு உரிய ஒலியை அதன் பக்கத்திலேயே வைக்காமல் ஏறத்தாழ 20 சட்டம் தள்ளி அச்சிட்டார்கள். நடுவில் படச்சுருளைத் தளர்வாக வளையவிட்டு, விளக்கு முன்னால் நடக்கும் குலுக்கல் ஒலி உருளைக்குப் போகாமல் தடுத்தார்கள். அந்த உருளையோடு கனமான ஒரு சக்கரம் சுழன்று வேகத்தைச் சமமாக வைத்தது. ஆபரேட்டர்கள் ‘லூப்’ என்று சொன்ன அந்த வளைவு சரியாக இருந்தால்தான் எல்லாம் சரி. பல் தவறி லூப் போய்விட்டால் படம் தடதடக்கும், வாயசைவும் பேச்சும் பிரியும், கொட்டகையில் விசில் பறக்கும்.

பெரிய கொட்டகைகளில் வெளிச்சம் கார்பனிலிருந்து வந்தது. கூண்டுக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் எதிரெதிரே நிற்கும். அவற்றைத் தொட்டுப் பிரித்ததும் நடுவில் வில்போல மின்சாரம் பாய்ந்து குச்சியின் முனை குழிந்து வெண்மையாக எரியும். குழிந்த கண்ணாடி அந்த வெளிச்சத்தைச் சேர்த்துப் படத்தின் மேல் செலுத்தும். குச்சி எரிந்து குறைந்துகொண்டே வரும், இடைவெளி கூடிக்கொண்டே போகும். சரியான அளவில் நகர்த்திக்கொண்டே இருக்காவிட்டால் திரை முதலில் மஞ்சளாகும், பிறகு நீலம் பாயும், கடைசியில் துடித்து அணையும். கருத்த கண்ணாடித் துவாரம் வழியே குச்சியின் முனையைப் பார்த்துக்கொண்டும், சிறிய சன்னல் வழியே திரையைப் பார்த்துக்கொண்டும், ஒரு கையால் திருகைத் திருப்பிக்கொண்டும் இருந்த ஆபரேட்டர் முழுப் படத்தையும் கதையாகப் பார்த்ததே அபூர்வம்.

மின்சாரமும் தன் பங்குக்குச் சிமிட்டியது. நம் நாட்டு மாறுமின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் வில்விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மறைப்புத் தகடு 48 முறை வெட்டும். அதன் இரட்டிப்பு 96. 100க்கும் 96க்கும் நடுவே உள்ள வித்தியாசம் திரையில் வினாடிக்கு நான்கு முறை வெளிச்சம் பொங்கித் தணிவதாக வெளிப்படும். சிமிட்டலைவிட மோசமான தொல்லை அது. இதனால்தான் ஆபரேட்டர் கேபினுக்குப் பக்கத்தில் மின்னோட்டத்தை ஒருதிசையாக்கும் ரெக்டிபயர் இடம்பிடித்தது. பல ஆண்டுகளுக்குப் பின் செனான் விளக்கு வந்து கார்பன் குச்சியை ஒழித்தபோதும் ரெக்டிபயர் போகவில்லை. அது பழுதானால் திரை அலையடிப்பது தொடர்ந்தது.

டூரிங் டாக்கீஸ்களில் பெரும்பாலும் ஒரே ப்ரொஜெக்டர். ரீல் மாற்ற நிறுத்தித்தான் ஆக வேண்டும், ஆகவே ஒரே படத்துக்குப் பல இடைவேளை. ஊர் ஊராகத் தேய்ந்து வந்த படச்சுருளில் பல் துவாரங்கள் கிழிந்திருக்கும். ஒவ்வொரு ஒட்டும் வரும்போது படம் துள்ளும். படம் போடுவதற்கு முன் ஆபரேட்டர் ரீலைச் சுற்றுமேசையில் மாட்டி, விளிம்பை இரண்டு விரல்களுக்கு நடுவே ஓடவிடுவார். கிழிசல் விரலில் குத்தும். அந்த இடத்தில் நிறுத்தி, சுருள்மேல் பூசியிருக்கும் மருந்தைச் சுரண்டி, சிமெண்ட் தடவி ஒட்டுவார். திரையில் படம் துள்ளாமல் ஓடியதற்கு அந்த விரல்கள் செய்த சோதனையே முதல் காரணம். படப்பாதையில் சேரும் மருந்துத் துகளை ஒவ்வொரு ரீலுக்கும் துடைப்பதும், தேய்ந்துபோன சிலுவைச் சக்கரத்தைக் காலத்தில் மாற்றுவதும் அடுத்தடுத்த காரணங்கள்.

ராஜகோபுரத்தின் மேல் கேமரா ஏறும்போது

உதறலுக்குக் கேபினில் மருந்து இல்லை. அது படம் பிடிக்கும் இடத்திலேயே பிறக்கிறது.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். பல நூற்றாண்டு முடியாமல் நின்ற அந்தக் கோபுரம் 1987 மார்ச்சில் குடமுழுக்கு கண்டது. 13 நிலை, உயரம் சுமார் 236 அடி. அதன் அடியில் நின்று வாசலிலிருந்து கலசம்வரை கேமராவை மெல்ல ஏற்றிக் காட்ட வேண்டும் என்று எந்த ஒளிப்பதிவாளருக்கும் ஆசை வரும். வேகமாக ஏற்றினால் ஒவ்வொரு நிலையின் கிடைக்கோடுகளும் திரையில் படிப்படியாகக் குதிக்கும். ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் நடுவே கோடு நகரும் தூரம், இரண்டு கோடுகளின் இடைவெளிக்கு நெருங்கிவிட்டால் கண் எந்தக் கோட்டைத் தொடர்வது என்று தெரியாமல் தடுமாறும். ஆயிரங்கால் மண்டபத்தில் பக்கவாட்டில் கேமராவைத் திருப்பினாலும் இதே தொல்லைதான். வரிசைத் தூண்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து நடுங்கும். பழைய படங்களில் குதிரை வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரிவதும் இந்தக் குழப்பத்தின் இன்னொரு முகம்.

இதற்கு ஒளிப்பதிவாளர்கள் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. 24 சட்டத்தில் எடுக்கும்போது, ஒரு பொருள் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏழு வினாடியாவது ஆக வேண்டும். அல்லது நடந்துபோகும் ஒருவரைப் பின்தொடர்ந்து கேமரா திரும்ப வேண்டும். அப்போது பார்ப்பவரின் கண் அந்த ஆளின் மேல் இருக்கும், பின்னணி உதறுவது உறைக்காது. கேமராவின் மறைப்பைப் பாதி வட்டமாக, அதாவது 180 பாகையாக வைத்தால் ஒவ்வொரு சட்டமும் வினாடியில் 48இல் ஒரு பங்கு நேரம் வெளிச்சத்தை வாங்கும். அசையும் பொருளின் விளிம்பு கொஞ்சம் கலங்கிப் பதியும். அந்தக் கலங்கல் ஒரு சட்டத்தையும் அடுத்ததையும் ஒட்டவைக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் மறைப்பை 172.8 பாகைக்கு மாற்றுவார்கள். நேரம் சரியாக வினாடியில் 50இல் ஒரு பங்காகி, நம் மின்சாரத்தின் துடிப்போடு இசைந்துவிடும்.

கோடு கோடாக வந்த படம்

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டது. தொலைக்காட்சி வினாடிக்கு 25 படம் காட்டியது. ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டாகப் பிரித்து, வினாடிக்கு 50 பாதிப்படங்களாக அனுப்பியது. மறைப்புத் தகடு சட்டத்தை இரண்டாக வெட்டியதற்கும் இதற்கும் நோக்கம் ஒன்றுதான், சிமிட்டலை ஏமாற்றுவது. 24 சட்டத்தில் எடுத்த சினிமாவைத் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது பொதுவாக 25 வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடியும். பாட்டின் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிடும்.

இந்தப் பாதிப்படங்கள் எழுத்துக்கு எதிரியாயின. ஒரே ஒரு கோட்டுத் தடிமனில் கிடைக்கோடு இருந்தால் அது ஒரு பாதிப்படத்தில் மட்டும் வரும், அடுத்ததில் மறையும்; ஆக வினாடிக்கு 25 முறை துடிக்கும். ‘ப’வின் அடிக்கோடும் ‘ட’வின் அடிக்கோடும் மெலிந்த எழுத்துருவில் இந்தத் துடிப்புக்கு எளிதில் இரையாகும். பட்டுப்புடவையின் மெல்லிய கட்டங்களும் அப்படித்தான். தலைப்பு வடிவமைத்தவர்கள் கோட்டைத் தடிப்பாக்கினார்கள், மேலும் கீழும் சிறிது மங்கலாக்கினார்கள், வெள்ளைக்குப் பதில் வெளிர் சாம்பல் வைத்தார்கள். தமிழ் மோஷன் கிராபிக்ஸ் கற்ற முதல் பாடங்களில் இவை அடங்கும்.

பின்னர் படத்தொகுப்பு கணினிக்கு வந்தது. 1994 பொங்கலுக்கு வெளிவந்த ‘மகாநதி’தான் ஆவிட் கணினித் தொகுப்பைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம். சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. ரியல் இமேஜ் பின்னாளில் க்யூப் என்ற டிஜிட்டல் திரையிடல் முறையை உருவாக்கியது. படப்பெட்டிகளின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது.

சிமிட்டல் போயிற்று, உதறல் தெரிந்தது

டிஜிட்டல் ப்ரொஜெக்டரில் மறைப்புத் தகடு இல்லை, சட்டத்தை இழுக்கும் இருட்டும் இல்லை. சட்டம் மாறும் கணம்வரை வெளிச்சம் நிற்கிறது. நூறாண்டுச் சிமிட்டல் ஒழிந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. நகரும் பொருளைக் கண் தொடர்ந்து வழுக்கிக்கொண்டு போகும்போது, திரையில் இருக்கும் சட்டம் அசையாமல் அப்படியே நிற்கிறது. அடுத்த சட்டத்துக்கு அது திடீரென்று குதிக்கும்போது முன்னைவிடத் தெளிவாக அந்தக் குதிப்பு தெரிகிறது. நடுவில் வந்து போன இருட்டு ஓரளவு அதை மறைத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் கூடியதும் உதறலும் கூடியது. வாயு விளக்குக் காலத்துப் பாடமேதான் இது.

வீட்டுத் தொலைக்காட்சி நிறுவனங்கள் இதற்கு ஒரு வழி செய்தன. இரண்டு சட்டங்களுக்கு நடுவே இல்லாத சட்டத்தைக் கணினியே கணித்துச் செருகும். அசைவு வழவழப்பாகும், ஆனால் சினிமா நாடகத் தொடர் மாதிரி தோன்றும். 2018இல் நடிகர் டாம் குரூஸ் இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். இன்னொரு பக்கம் பீட்டர் ஜாக்சன் 2012இல் வெளிவந்த ‘ஹாபிட்’ படத்தை 48 சட்டத்தில் எடுத்தார். உதறல் குறைந்தது, பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

படம் பிடிப்பவர் கேமராவை மெதுவாகத் திருப்பித் தப்பிக்கலாம். மோஷன் கிராபிக்ஸ் செய்பவருக்கு ஒவ்வொரு சட்டத்தையும் தானே அமைக்க வேண்டிய பொறுப்பு. கணினி வரையும் உருவத்தில் தானாகக் கலங்கல் வராது, கேட்டால்தான் வரும். கறுப்பின் மேல் வெள்ளை எழுத்தை வேகமாக ஓடவிட்டால் இரண்டு மூன்று எழுத்தாகத் தெரியும். செய்திக் கீழ்ப்பட்டையின் கணக்கைப் பார்த்தால் நுணுக்கம் விளங்கும். 1,920 பிக்சல் அகலத் திரையில் வினாடிக்கு 25 சட்டம். எழுத்துப் பட்டை வினாடிக்கு 100 பிக்சல் நகர்ந்தால் சட்டத்துக்குச் சரியாக 4 பிக்சல், ஓட்டம் சீராக இருக்கும். அவசரத்தில் 110 என்று வைத்தால் சட்டத்துக்கு 4.4 பிக்சல் என்றாகும். முழுப் பிக்சலாக மட்டுமே எழுத்தை நகர்த்தும் கருவியில் அது ஒரு சட்டத்தில் 4, இன்னொன்றில் 5 என்று தத்தும். படிப்பவர் கண் காரணம் தெரியாமலே சலித்துப்போகும். 125க்குப் போனால் மறுபடி முழு எண், சட்டத்துக்கு 5. கைப்பிடியை வினாடிக்கு இரண்டு சுற்று சுற்றிய கணக்கின் வாரிசு இது.

சிமிட்டலை அலட்சியப்படுத்தியதன் விலையும் உலகத்துக்குத் தெரியும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ கார்ட்டூனின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி மின்னின. 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பிறகு ஒளிபரப்பில் மின்னல்களின் எண்ணிக்கைக்கு வினாடிக்கு மூன்று என்ற வரம்பு பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. கல்யாண வீடியோ தலைப்பு செய்யும் சிறிய ஸ்டுடியோவுக்கும் இந்த வரம்பு பொருந்தும்.

இன்று வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பரமபதவாசல் திறப்பை ஆயிரக்கணக்கான செல்போன்கள் படம் பிடிக்கின்றன. போன் வினாடிக்கு 30 சட்டத்தில் எடுக்கும், அலங்கார விளக்கு மின்சாரத்தோடு 100 முறை துடிக்கும், வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து போகும். போனின் அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தீரும். ரெக்டிபயர் வைத்து வில்விளக்கை அடக்கிய ஆபரேட்டர் இந்தத் தொல்லையைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்.

அந்த ஆபரேட்டர்களைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாளிகளின் பெயரும் நடிகர்களின் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. கார்பன் குச்சியின் இடைவெளியைக் கண்ணால் அளந்தவர்கள், கிழிசலை விரலால் கண்டுபிடித்தவர்கள், லூப் போன சத்தத்தைக் காதால் அறிந்தவர்கள் பற்றிய பதிவு மிகக் குறைவு. திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்த வேலை செய்தவர்களில் பலருக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்கள் எந்தக் கருவியில் வேலை செய்தார்கள், எந்தப் பழுதை எப்படிச் சரிசெய்தார்கள், ஒருவரிடம் ஒருவர் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதைக் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகள் ஒலிப்பதிவாகச் சேகரிக்கலாம். மாணவர்களிடம் கேமரா இருக்கிறது, தொகுப்புக் கருவி இருக்கிறது, கேட்க வேண்டிய கேள்விகளும் இப்போது தெரியும்.